‘இப்போ வை’ என்று சொல்லாதீர்கள்

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது. கும்பகோணத்திலிருந்து எங்களோடு டெல்லிக்கு வந்திருக்கிறார். மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போக மெட்ரோதான் வசதி. ஆனால் ஜனக்புரி மேற்கு நிலையத்தில் எஸ்கலேட்டர் முன்னால் போய் நின்றுவிடுகிறார். ‘இப்போ வை, இப்போ வை’ என்கிறேன். கால் முன்னே போய்த் திரும்பி வந்துவிடுகிறது. பின்னால் வருபவர்கள் முணுமுணுக்கிறார்கள். நன்றாக நடக்கிறவர், இதற்கு மட்டும் ஏன் இப்படி?
– வாசகி, ஜனக்புரி

பதில்: பழகிக்கொள்ள நல்ல இடம் பார்த்தீர்கள், போங்கள்! அங்கே 15 மீட்டருக்கு மேல் உயரம் ஏறும் எஸ்கலேட்டர் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் யாருக்கும் கால் கூசும்.

அம்மா நின்று, குனிந்து, ஒரு படியைக் குறி வைக்கிறார். அங்கேதான் சிக்கல். எஸ்கலேட்டர் பொதுவாக நொடிக்கு அரை மீட்டர் போல நகரும். ஒரு படி முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை சுமார் 40 சென்டிமீட்டர். ஆக, முக்கால் நொடிக்கு ஒரு புதுப்படி வந்துகொண்டே இருக்கும். கண் பார்த்து, மூளை முடிவெடுத்து, கால் எழும்பவே அரை நொடிக்கு மேல் ஆகிவிடும். வயதானால் இன்னும் கூடும். அவர் குறி வைத்த படி அதற்குள் போய்விட்டது. உங்கள் ‘இப்போ’ அதைவிடத் தாமதம். காதில் விழுந்து புரிய வேண்டுமே!

கயிறு சுற்றும்போது உள்ளே நுழையும் பிள்ளைகளைப் பாருங்கள். வெளியே நின்று கயிற்றின் தாளத்துக்கு உடம்பை ஆட்டிக்கொண்டு, அடுத்து அது எங்கே இருக்கும் என்ற கணக்கில் பாய்வார்கள். அம்மாவுக்கு அந்தத் தாளத்தைக் கைப்பிடி கொடுக்கும். அந்த ரப்பர் பட்டை கிட்டத்தட்டப் படியின் வேகத்திலேயே ஓடுகிறது. முதலில் ஓரமாக நின்று அதன்மேல் உள்ளங்கையை லேசாக வைக்கட்டும். பிடிக்க வேண்டாம், கைக்கடியில் நழுவிப் போகட்டும். அப்புறம் இரண்டடி பின்னால் வந்து, நிற்காமல் நடந்து வந்து, கைப்பிடியைப் பற்றியபடியே ஏறச் சொல்லுங்கள். காய்கறிக் கடைக்கு நடக்கிற வேகமே எஸ்கலேட்டரைவிட அதிகம், பயப்பட ஒன்றுமில்லை. பார்வை நாலைந்து படி தள்ளி இருக்கட்டும். ஏறும் இடத்தில் முதல் இரண்டு படிகள் சமமாகவே போகும். இரு படிகளுக்கு நடுவிலுள்ள கோட்டின்மேல் கால் விழுந்தாலும் நகர்த்திக்கொள்ள நேரம் உண்டு.

நீங்கள் ஒரு படி கீழே, பின்னால் நில்லுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள்.

எத்தனை விளக்கினாலும் உடம்பு பழகித்தான் கற்கும். நின்றுபோன எஸ்கலேட்டரில் கால் வைத்ததும் ஒரு தள்ளாட்டம் வருமே, கவனித்திருக்கிறீர்களா? 2003-இல் லண்டன் ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். நகரும் பலகையில் ஏறிப் பழகியவர்களிடம், ‘இனி இது நகராது’ என்று சொன்ன பிறகும் அவர்கள் உடல் முன்னே சாய்ந்தது. தெரிந்தது வேறு, உடம்பு எதிர்பார்த்தது வேறு.

ஒன்று கேட்க வேண்டும். அம்மா தூரத்துக்கும் படிக்கவும் ஒரே கண்ணாடி போடுகிறாரா? குனிந்தால் படியின் விளிம்பு படிக்கும் பாகத்தில் விழுந்து மங்கும். தயக்கத்தில் பாதி அதுவாகவே இருக்கலாம். கண் மருத்துவரிடம் கேளுங்கள். தலைசுற்றல் இருந்தால் முதலில் அதைப் பார்க்க வேண்டும்.

கூட்டமில்லாத மதிய நேரத்தில், உயரம் குறைந்த எஸ்கலேட்டரில், ஏறுவதை மட்டும் பழக்குங்கள். புடவைக் கொசுவத்தைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டு, ஓரத் தடுப்பை ஒட்டாமல் நிற்கட்டும். இறங்க இப்போதைக்கு லிஃப்ட் போதும். கிருத்திகைக் கூட்டத்தன்று ஏறுவதற்கும் லிஃப்ட்தான்.