நெய்யைத் தொட்ட கை: ஒரு சரித்திர நாவலைப் பற்றி

அன்புள்ள ஐயாவுக்கு,

கரிகால் சோழன் வென்ற வெண்ணிப் போரைப் பின்புலமாகக் கொண்டு ஒரு சரித்திரக் காதல் நாவலை எழுதிவருகிறேன். போர் முடிந்த இரவில் புண்பட்டுக் கிடக்கும் சேரநாட்டு வீரன் ஒருவனை, முந்தைய போரொன்றில் கணவனை இழந்த சோழநாட்டுப் பெண் தன் வீட்டில் மறைத்துவைத்துக் காப்பாற்றுகிறாள். இருவருக்கும் காதல் மலர்கிறது. பத்தாம் அத்தியாயத்தில் ஊர்ப்பெரியவர் மனமிரங்கி அவர்களுக்கு மணம் முடித்துவைக்கிறார். சங்ககாலக் கைம்பெண் தீப்பாய்வாள் அல்லது நோன்பிருப்பாள், காதலிக்க மாட்டாள் என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். கதைதானே, யார் சரிபார்க்கப் போகிறார்கள் என்கிறார் என் கணவர். நான் யார் பேச்சைக் கேட்பது? முதல் மூன்று அத்தியாயங்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம். உங்கள் தோழி சங்கப் பாடல்களைச் சட்டப் புத்தகம்போல வாசிக்கிறார். உங்கள் கணவரோ அவற்றை வாசிக்கவே வேண்டாம் என்கிறார். உங்கள் கதைக்குத் தேவையான தடையும் அதை மீறும் வழியும் அந்தப் பாடல்களிலேயே இருக்கின்றன.

தீப்பாய்தலுக்கு எல்லோரும் காட்டும் சான்று, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு பாடிய புறநானூறு 246ஆம் பாட்டு. அதில் அவள் சான்றோர்களைக் கடிந்துகொள்வது, அவர்கள் அவளைத் தீயில் தள்ளியதற்காக அன்று, போகவிடாமல் தடுத்ததற்காக. ஊர் ஒரே குரலில் பேசவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை. தான் மறுக்கும் கைம்மை வாழ்வையும் அவள் அதிலேயே விவரிக்கிறாள்: நறுநெய் படாத, கையால் பிழிந்தெடுத்த சோறு, எள் துவையல், புளி கூட்டி வேகவைத்த வேளைக்கீரை, பாயில்லாமல் பருக்கைக் கற்களின்மேல் படுக்கை. அங்கே நெய் விலக்கப்பட்டிருப்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி புண்பட்டவனிடம் வருவோம். உங்கள் மூன்றாம் அத்தியாயத்தில் அவள் அவனுக்கு மிளகாய் சுற்றிப் போடுகிறாள். மிளகாய் இந்த மண்ணுக்குப் போர்த்துக்கீசியர் வந்த பிறகு வந்தது, அதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் வைக்க வேண்டியது ஐயவி, அதாவது வெண்சிறுகடுகு. புறநானூறு 281இல் அரிசில்கிழார், புண்பட்டவனைப் பேய் நெருங்காமல் காக்கும் முறையை ஏறக்குறைய ஒரு செயல்முறைக் குறிப்பைப்போலவே தந்திருக்கிறார். வீட்டில் இரவ இலையையும் வேப்பிலையையும் செருகுகிறார்கள், யாழோடு பல இசைக்கருவிகள் ஒலிக்கின்றன, மையைப் பூசி, ஐயவியைச் சிதறி, ஆம்பல் குழலை ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடி, மனை முழுவதும் நறும்புகை எழுப்புகிறார்கள். 296ஆம் பாட்டில் போருக்குப் பின் எல்லா வீடுகளும் இந்த ஆரவாரத்தில் இருக்கின்றன. ஐயவி புகைக்கும் பெண்கள் அங்கே ‘நெய்யுடைக் கையர்’.

தொல்காப்பியம் இந்தக் காவலைத் தொடாக்காஞ்சி என்ற துறையாக வகுத்து, அதை மனைவிக்குரியதாகச் சொல்கிறது. உங்கள் நாயகி ஐயவியைக் கையில் எடுக்கும் கணத்தில், யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமலே, அவனுடைய மனைவியின் இடத்தில் போய் நிற்கிறாள். தன் சோற்றில்கூடப் படக்கூடாத நெய் அவள் கையில் பட்டிருக்கிறது. மணியடித்தால் ஊருக்குக் கேட்கும், அடிக்காவிட்டால் பேய் வரும் என்று அவள் உண்மையாகவே நம்புகிறாள். உங்கள் காதல் கதை முழுவதும் இந்த ஓர் இரவுக்குள் இருக்கிறது. நீங்களோ நிலவொளியில் அவன் அவளுடைய கண்களை வருணிப்பதற்கு நான்கு பக்கங்களைச் செலவழித்திருக்கிறீர்கள்.

வீரனைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரிகாலன் இரு பெருவேந்தரையும் வேளிர் எனப்படும் 11 குறுநில மன்னரையும் வென்ற களம் வெண்ணி. அங்கே சேரமான் பெருஞ்சேரலாதனின் மார்பில் பாய்ந்த வேல் முதுகை ஊடுருவிச் சென்றது. அதைப் புறப்புண்ணாக, அதாவது முதுகில் பட்ட இழிவான புண்ணாகக் கருதி நாணி அவன் வடக்கிருந்தான், அதாவது வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாமல் உயிர்விடத் துணிந்தான். அந்தச் செய்தியைக் கேட்ட சான்றோர் அவனோடு செல்ல விரும்பித் தாமும் உயிர் துறந்தனர் என்று அகநானூறு 55இல் மாமூலனார் சொல்கிறார். அப்படியானால், தன் அரசன் பட்டினி கிடந்து உயிர்விடும் அதே நாட்களில், பகைநாட்டுப் பெண் கரைத்துத் தரும் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருப்பவனின் மனநிலை என்ன? உங்கள் கதையில் அவனுக்குக் கால்வலியைத் தவிர வேறு வலியே இல்லை. அவன் சாகாமல் இருப்பதற்கு வெட்கப்படுகிறவன். அவளும் கணவனுக்குப் பின் அதே வெட்கத்தோடுதான் உயிர் வாழ்கிறாள். இது அவர்கள் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் இடமாக இருக்கலாம்; ஆனால் இதை வசனமாக எழுதிவிடாதீர்கள்.

பகைவனை ஒரு சோழநாட்டுப் பெண் மதிப்பாளா என்ற ஐயம் உங்களுக்கு இருப்பது இரண்டாம் அத்தியாயத்தின் நீண்ட சமாதானங்களில் தெரிகிறது. அவை தேவையில்லை. வெண்ணிக்குயத்தியார் என்ற அந்த ஊர்ப் புலவர், புறநானூறு 66இல் வென்ற கரிகாலனிடமே, வடக்கிருந்தவன் உன்னைவிட நல்லவன் அல்லவா என்று கேட்டிருக்கிறார்.

புண்ணின் தோற்றத்துக்குப் பதிற்றுப்பத்து 42ஆம் பாட்டைப் பாருங்கள். குளத்தில் மீனுக்காக மூழ்கி எழும் மீன்கொத்திபோல நெடிய வெள்ளூசி தசைக்குள் இறங்கி ஏறித் தைத்த தழும்பைப் பரணர் காட்டுகிறார். அதற்கு மேல் நீங்கள் எதையும் சேர்க்க வேண்டியதில்லை.

ஊர்ப்பெரியவர் நடத்திவைக்கும் திருமணத்தை நீக்கிவிடுங்கள். பாடல்களில் அதற்கு ஆதாரம் இல்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், ஒன்பது அத்தியாயங்களாகக் கட்டிய தடையை ஒரு நல்ல மனிதரின் மனமாற்றத்தால் நீங்களே கலைத்துவிடுகிறீர்கள் என்பது. காதலைப் பாடும் அகப்பாடல்களில் உடன்போக்கு, அதாவது காதலர் ஊரறியாமல் சேர்ந்து வெளியேறுவது, இருக்கிறது. இவர்கள் இரவோடு இரவாகப் பாலை கடந்து சேரநாட்டுக்குப் போகட்டும். அங்கே அரசனோடு இறந்தவர்களின் வீடுகள் இருக்கின்றன. உயிரோடு திரும்பிய ஒருவனை, அதுவும் சோழநாட்டுக் கைம்பெண்ணோடு வந்தவனை, அந்த வீடுகளின் பெண்கள் எப்படிப் பார்ப்பார்கள் என்பதை எழுத உங்களுக்கு முப்பது பக்கங்களாவது தேவைப்படும். இப்போதைய கதைச்சுருக்கத்தில் சேரநாட்டுக்கு நீங்கள் ஒதுக்கியிருப்பது கடைசிப் பத்தி மட்டுமே.