ஆபரேட்டர் பதில்கள்

கேள்வி: மகன் சென்னையில் இருக்கிறான். போகும்போதெல்லாம் ஒவ்வொரு தியேட்டருக்காக அழைத்துப்போகிறான். சாய்கிற நாற்காலி, ஏசி எல்லாம் இருந்தும் சில இடங்களில் படம் மனதில் ஒட்டுவதில்லை. நல்ல தியேட்டருக்கு என்ன அடையாளம்?
- வாசகி, தேவகோட்டை

பதில்: நாற்காலி இருக்கட்டும் ஆச்சி, முதலில் திரையைப் பாருங்கள். நான் 1979-ல் காரைக்குடியில் ஒரு தியேட்டரில் படம் ஓட்டும் ஆபரேட்டராகச் சேர்ந்தவன். அப்போது புரொஜக்டரில் கார்பன் குச்சி வெளிச்சம்; இரண்டு குச்சிக்கு நடுவே மின்சாரம் பாய்ந்து எரியும். குச்சி எரிந்து இடைவெளி கூடினால் திரை மங்கும், உடனே தரை டிக்கெட்டிலிருந்து விசில் பறக்கும். அதனால் குச்சியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டோம். இப்போது டிஜிட்டல். சாதாரணப் படத்துக்குத் திரை நடுவில் 14 ஃபுட் லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் வேண்டும் என்பது சர்வதேசக் கணக்கு. விளக்கு பழசாகப் பழசாக அது குறையும். யாராவது அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

போன வருடம் பேத்தியோடு ஒரு நகரத்து மல்டிபிளெக்ஸுக்குப் போனேன். 3டி படத்துக்காக புரொஜக்டர் முன்னால் மாட்டிய கண்ணாடியைக் கழற்றாமலே சாதாரணப் படத்தை ஓட்டினார்கள். ராத்திரிக் காட்சிகளில் ஒரு முகமும் தெரியவில்லை. இடைவேளையில் சொல்லலாம் என்று போனால், புரொஜக்டர் கேபினில் ஆளே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஒளிப்பதிவாளர் ஒவ்வொரு நிழலையும் பார்த்துப் பார்த்து வைத்ததாயிற்றே! கேபினில் அக்கறையுள்ள ஓர் ஆள் இருக்கும் தியேட்டர்தான் எனக்குப் பெரிய தியேட்டர்.

அப்புறம் சத்தம். நம் செட்டிநாட்டுப் பெரிய வீட்டுக் கல்யாணக் கொட்டகையில் நின்று கை தட்டிப் பாருங்கள். மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவரிலும் ஆத்தங்குடிக் கல் தரையிலும் பட்டு ஓசை சுற்றிச் சுற்றி வரும். நாதஸ்வரத்துக்கு அது அழகு, வசனத்துக்கு ஆகாது. தியேட்டர் சுவர் ஓசையை விழுங்க வேண்டும். அதற்குத்தான் துணியும் பஞ்சும் வைத்த பலகை அடிக்கிறார்கள். காது அடைக்கிற சத்தம் நல்ல சவுண்ட் இல்லை. மெதுவாகப் பேசும் இடத்தில் ல, ள, ழ மூன்றும் தனித்தனியாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். என் சோதனை அதுதான்.

கேள்வி: எந்த வரிசையில் உட்கார்ந்தால் நல்லது?
- வாசகர், கானாடுகாத்தான்

பதில்: திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தள்ளி, நடு சீட். சவுண்டை அளந்து சரிசெய்கிறவர்கள் மைக் வைப்பதும் ஏறத்தாழ அங்கேதான். கடைசி வரிசை கிடைத்தது என்று சந்தோஷப்படாதீர்கள். அங்கே பின்சுவர் ஸ்பீக்கர் தலைக்கு மேலேயே இருக்கும்.