போர்ட் லூயிஸ் கோதான் கரை: கேட்டவர்களுக்குப் பதில்

நான் மொரீஷியஸின் தலைநகரான போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் கணக்கு எழுதும் வேலையில் முப்பது வருடம் இருந்தவன். அப்பா அதே கரையில் மூட்டை தூக்கினவர். சர்க்கரை ஏற்றின கோதான் கரை எப்படி வங்கிகளும் கம்பெனிகளும் நிறைந்த இடமானது என்று பலர் கேட்டிருந்தீர்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், கேட்டவர்களை ஊர்ப் பெயரால் குறிக்கிறேன். எந்தப் பங்கை வாங்கலாம், எப்படிக் கம்பெனி திறக்கலாம் என்பது என் துறை இல்லை.

ஆரம்பத்திலேயே ஒன்று. போனில் சுற்றி வரும் பழைய படங்களை வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். படத்தில் கல் கிடங்கு ஒன்று தெரிந்தால் போதும், 'கோதான், 1900' என்று எழுதி அனுப்பிவிடுகிறார்கள். எந்தக் கரை, எந்தப் பக்கம் மலை தெரிகிறது என்று பார்த்த பிறகு பேசுவோம்.

ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு அக்கா: கடைகளும் ஓட்டலும் வருவதற்கு முன்னால் கோதானில் என்ன இருந்தது? வெறும் சேற்று நிலம் என்கிறார்களே?

சேற்று நிலம் இல்லை அக்கா. அங்கே முதலில் நடந்த தொழில் உப்பு. 1726-இல் பிரான்சின் லாங்தோக் பகுதியிலிருந்து வந்த ழான் தொமினிக் மிஷெல் தெ கோதான் என்பவர் சின்ன ஓடை ஒன்றின் அருகே உப்பளம் போட்டார். பக்கத்துப் பகுதிக்கு இன்றும் லே சலீன், அதாவது உப்பளங்கள், என்றுதான் பெயர். மாஹே தெ லா பூர்தொன்னே ஆளுநராக வந்து போர்ட் லூயிஸைத் துறைமுக நகரமாகக் கட்டத் தொடங்கியது 1735-இல். அதற்கும் முந்தியது இந்த உப்பு.

அப்புறம் சர்க்கரை. 1864-இல் ரயில் வந்தது. ஆலைகளிலிருந்து மூட்டைகள் நேராகத் துறைமுகத்துக்கு வர ஆரம்பித்தன. சாக்கும் உள்ளூர்தான், கற்றாழை நாரில் நெய்தது. ஒரு மூட்டை 75, 80 கிலோ வரும். கிடங்கில் அடுக்கி, எடை போட்டு, தோளில் சுமந்து சாலான் என்கிற தட்டைப் படகில் இறக்குவார்கள். கப்பல் நடுத் துறைமுகத்தில் நங்கூரமிட்டு நிற்கும், படகு அதன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அங்கே மறுபடியும் அதே மூட்டை மேலே போகும். ஒரு மூட்டை கப்பலுக்குள் போவதற்கு முன்னால் எத்தனை தோள் மாறியது என்று அப்பா விரல் விட்டு எண்ணிக் காட்டுவார். ஒரு கை போதாது.

1980-இல் மொத்தச் சர்க்கரை முனையம் வேலை செய்யத் தொடங்கியது. ஒவ்வொன்றும் 1,75,000 டன் கொள்ளும் இரண்டு பெரிய கொட்டகைகள். சர்க்கரை மூட்டை இல்லாமல் லாரியில் வந்து கொட்டி, பட்டையில் ஓடி, நேராகக் கப்பலுக்குள் விழுந்தது. சாக்குக் கிடங்குகளுக்கு வேலை போயிற்று. பெட்டகக் (கன்டெய்னர்) கப்பல்களுக்கான வேலை வடக்கே மேர் ரூஷ் பக்கம் நகர்ந்தது. ஆக நகரத்தின் நட்ட நடுவே, அரசு மாளிகைக்கு எதிரே, கடலோரமாக நிலம் சும்மா கிடந்தது. அந்த நிலத்தில்தான் 1996-இல் இன்றைய கோதான் வளாகம் திறந்தது.

காத்ர் போர்ன் தம்பி: கோதான் எந்த வருடம் திறந்தது?

1996.

போ பாசேன்: கோதான் என்பது குடோன் என்ற சொல்லின் திரிபு என்று என் தாத்தா சொல்வார். கிடங்குகள் இருந்த இடம்தானே? கிடங்கு, குடோன், கோதான். தமிழ்ப் பெயரை மறைக்கிறீர்களா?

மறைக்க எனக்கு என்ன இருக்கிறது? குடோன் என்ற ஆங்கிலச் சொல் மலாய் மொழியின் 'குடாங்' வழியாக வந்தது, அதற்கும் பின்னால் நம் கிடங்கு இருக்கலாம் என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. அது வரைக்கும் சரி. இங்கே இடிப்பது ஆண்டு. அந்த உப்பளக்காரர் வந்தது 1726. தீவு ஆங்கிலேயர் கைக்குப் போனது 1810. பிரெஞ்சுக்காரர்கள் கிடங்கை 'மகாசேன்' என்பார்கள், குடோன் என்று சொல்ல மாட்டார்கள். கிடங்குகள் வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது.

அதே போ பாசேன்: லா பூர்தொன்னே காலத்திலேயே புதுச்சேரித் தமிழர்கள் இங்கே இருந்தார்களே? அவர்கள் வைத்த பெயராக ஏன் இருக்கக் கூடாது?

இருந்தார்கள், அதில் சந்தேகமே இல்லை. கொத்தனார், தச்சர், கொல்லர் என்று புதுச்சேரியிலிருந்து வரவழைத்தார். ஊரின் கிழக்குப் பகுதிக்கு மலபார் முகாம் என்றே பெயர் வந்தது. அவர்களில் பெரும்பாலோர் நம் தமிழ் ஆட்கள். ஆனால் அவர்கள் வந்தது 1735-க்குப் பிறகு. பெயரோ அதற்கும் முந்தியவர் ஒருவருடையது. துறைமுகத்தின் ஆரம்பக் கட்டடங்களில் நம் கொத்தனார்களின் கை இருக்கிறது, அந்தப் பெருமையைத் தாராளமாகச் சொல்லலாம். கற்களைச் சொந்தம் கொண்டாடுங்கள், பெயரை விட்டுவிடுங்கள்.

வாக்குவா: நாமெல்லோரும் ஆப்ரவாசி காட்டின் 16 படிகளில் ஏறி வந்தவர்கள்தானே? அதுவும் இந்தக் கரையில்தானே?

இதைத்தான் ஒவ்வொரு முறையும் திருத்துகிறேன். அந்த இறங்குதுறை இருப்பது த்ரூ ஃபன்ஃபரோன், கோதானுக்கு வடக்கே. ஒப்பந்தக் கூலிகளோடு அட்லஸ் கப்பல் வந்தது 1834-இல். நாம் ஆப்ரவாசி காட் என்கிற அந்தக் கூலி டிப்போ எழுந்ததோ 1849-இல். நடுவிலிருக்கிற பதினைந்து வருடம் வந்தவர்கள் அந்தப் படியை மிதித்தே இருக்க முடியாது. அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் கைவினைஞர்களாக வந்தவர்கள் உண்டு. இந்தியாவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் உண்டு, அவர்களை நாம் பேசுவதே இல்லை. யுனெஸ்கோ 2006-இல் அந்த இடத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது மிகச் சரியான காரியம். அதற்காக நம் எல்லோருடைய கதையையும் அந்த ஒரு படிக்கட்டில் அடைத்துவிடாதீர்கள்.

ஃப்ளாக்கிலிருந்து ஓர் ஆசிரியை: சர்க்கரைத் துறைமுகத்தில் நிதித்தொழில் திடீரென்று எங்கிருந்து வந்தது? யார் பணம்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது டீச்சர். திடீரென்று எதுவும் வரவில்லை. சர்க்கரையும் பணமும் முதல் நாளிலிருந்தே அடுத்தடுத்த தெருவில் இருந்தவை.

மொரீஷியஸ் கமர்ஷியல் பேங்க் தொடங்கியது 1838-இல். அடிமை முறை ஒழிந்தது 1835-இல். அப்போது பிரிட்டிஷ் அரசு இழப்பீடு கொடுத்தது, கொடுத்தது உடைமைக்காரர்களுக்கு. அடிமைகளுக்குக் கால் காசு இல்லை. இந்தத் தீவின் பங்கு 20 லட்சம் பவுண்டுக்கு மேல். அந்தப் பணம் இங்கே புழங்கின காலத்தில் பிறந்தது அந்த வங்கி. தோட்டக்காரருக்கு அறுவடை வரைக்கும் செலவுக்குப் பணம் வேண்டும், சர்க்கரை விற்றால்தான் திருப்பிக் கட்ட முடியும். கிடங்கில் மூட்டை அடுக்கினவர்களுக்கும் கடன் ஏடு எழுதினவர்களுக்கும் நடுவே ஒரு சாலைதான்.

அடுத்த பெரிய திருப்பம் 1975. ஐரோப்பா தன் பழைய காலனி நாடுகளோடு செய்துகொண்ட லோமே ஒப்பந்தத்தின் சர்க்கரை நெறிமுறைப்படி வருடத்துக்கு ஐந்து லட்சம் டன்னுக்கு மேல் உறுதியான விலைக்கு வாங்கிக்கொண்டது. தீவு உற்பத்தி செய்தது நல்ல வருடத்தில் ஏழு லட்சம் டன். அப்படியானால் பெரும்பகுதிக்கு விலை உறுதி. அந்த லாபம் 1970-இல் சட்டமான ஏற்றுமதி மண்டலத்தின் துணி ஆலைகளுக்கும் கடற்கரை ஓட்டல்களுக்கும் போனது, வங்கிகளிலும் சேர்ந்தது.

பிறகு சட்டங்கள். ஒரே லாபத்துக்கு இரண்டு நாடும் வரி போடாமலிருக்க இந்தியாவோடு இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் கையெழுத்தானது 1982-இல். பங்குச் சந்தை 1989-இல் திறந்தது. வெளிநாட்டார் இங்கே கம்பெனி பதிந்து வெளியே தொழில் செய்ய வழிவிட்ட கடல்கடந்த வணிகச் சட்டம் 1992-இல் வந்தது. அதே சமயத்தில் இந்தியா வெளிநாட்டு முதலீட்டுக்குக் கதவு திறந்தது. இரண்டும் சேர்ந்ததும் அமெரிக்க, ஐரோப்பியப் பணம் போர்ட் லூயிஸ் முகவரி ஒன்றின் வழியாக மும்பைக்குப் போக ஆரம்பித்தது. 1982-இல் கையெழுத்திட்டபோது பத்து வருடம் கழித்து அது என்ன செய்யும் என்று யாரும் கணக்குப் போட்டிருக்க மாட்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன். 2016-இல் அந்த ஒப்பந்தத்தைத் திருத்தினார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் வாங்கின பங்குகளின் லாபத்துக்கு இந்தியாவே வரி போடலாம் என்றானது.

ஐரோப்பா 2006-லிருந்து சர்க்கரை விலையைப் படிப்படியாக 36 சதவீதம் குறைத்தது, 2009-இல் நெறிமுறையே முடிந்தது. அதற்குள் நகரம் வேறு தொழிலுக்கு மாறியிருந்தது.

சென்னையிலிருந்து: மொரீஷியஸில் கம்பெனி தொடங்கினால் இப்போது எவ்வளவு வரி மிச்சமாகும்?

ஐயா, உரிமம் பெற்ற ஆலோசகரிடம் கேளுங்கள்.

ரெயூனியோன், சேன் தெனி: எங்கள் ஊர் லெ போர் துறைமுகமும் இப்படி மாறுமா?

அது உங்கள் ஊர்க்காரர்கள் எழுத வேண்டியது. எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.

ரோஸ் பெல்: இப்போது நிதித்தொழில் எல்லாம் எபேனுக்குப் போய்விட்டதே. கோதான் பற்றி ஏன் பேச வேண்டும்?

எல்லாமே போகவில்லை. மொரீஷியஸ் மத்திய வங்கியும் பெரிய வங்கிகளின் தலைமையிடங்களும் போர்ட் லூயிஸில்தான் இருக்கின்றன. ஆனால் நிதிச் சேவை ஆணையத்தின் கட்டடம் எபேனில், ஏராளமான நிர்வாகக் கம்பெனிகளும் அங்கேதான். அந்த இடத்தின் கதையும் நல்ல கதை. எபேன் என்றால் கருங்காலி. 1638-இல் குடியேறிய டச்சுக்காரர்கள் கருங்காலி மரத்துக்காகவே காடுகளை வெட்டினார்கள். காடு போன இடத்தில் கரும்பு வந்தது. அந்தக் கரும்புக் காட்டில் 2001-லிருந்து சைபர் நகரம் எழும்பியது, இந்தியா கொடுத்த கடனுதவியோடு. முதலில் கணினி வேலைக்கென்று கட்டினார்கள், கணக்கும் நிதியும் பின்னாலேயே வந்துவிட்டன. 2023-லிருந்து மெட்ரோவும் போகிறது. எபேனில் கரும்புதான் போனது. கோதானில் ஒரு வேலையே போனது, ஆட்கள் போனார்கள். அதனால்தான் நான் கோதானைப் பேசுகிறேன்.

காத்ர் போர்ன்: கோதான் திறந்தது 1996 என்கிறீர்கள். என்னிடம் உள்ள படத்தில் 1985 என்று இருக்கிறதே?

படத்தில் எழுதியது யார்? இதற்காகத்தான் ஆரம்பத்தில் சொன்னேன். 1996. இனி இந்தக் கேள்வியை எடுக்க மாட்டேன்.

மொந்தாஞ் லோங்: நம் ரூபாய் நோட்டில் தமிழ் இருப்பதற்கும் இந்த வங்கித் தெருவுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. 1998-இல் மத்திய வங்கி வெளியிட்ட புதிய நோட்டுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து இருந்த தமிழைக் கீழே இறக்கி, இந்தியை மேலே வைத்தார்கள். தமிழர்கள் எதிர்த்தார்கள், வங்கி அந்த நோட்டுகளையே திரும்பப் பெற்றது. பழைய வரிசையோடு அடுத்த ஆண்டு புதிய நோட்டு வந்தது. நூறு ரூபாய் நோட்டில் இருப்பவர் நம் தமிழ்த் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசன். கையில் எடுத்தால் ஒரு நிமிடம் பார்த்துவிட்டுச் செலவழியுங்கள்.

போ பாசேன், மறுபடியும்: தாத்தா பொய் சொன்னார் என்கிறீர்களா?

இல்லவே இல்லை தம்பி. அந்தக் கிடங்குகளைக் கண்ணால் பார்த்தவர் அவர். கோதான் என்ற பெயர் அவர் காதில் குடோனாக விழுந்தது, அவ்வளவுதான். அவர் சொன்னதை அப்படியே எழுதி வையுங்கள், 'தாத்தா இப்படிச் சொல்வார்' என்று. அதற்கு மதிப்பு உண்டு. பெயரின் வரலாறு என்று மட்டும் எழுதாதீர்கள்.

கிராண்ட் பே: முனையம் வந்த பிறகு மூட்டை தூக்கியவர்கள் என்ன ஆனார்கள்?

1971-இல் துறைமுகத் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் செய்தார்கள், அந்த டிசம்பரில் நாட்டில் அவசர நிலை வந்தது. 1979 ஆகஸ்ட் போராட்டத்தில் துறைமுகமும் சர்க்கரையும் சேர்ந்தே நின்றன, முனையத்தால் போகப்போகிற வேலைகளும் அதில் ஒரு பிரச்சினை. மறு வருடம் முனையம் திறந்தது.

அப்பாவோடு தூக்கியவர்களில் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரியோல் ஆட்கள்தான் அதிகம், நம்மவர்களும் இருந்தார்கள். கொஞ்சம் பேருக்கு முனையத்தில் வேலை கிடைத்தது. மற்றவர்கள் ஒரு தொகையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சிலர் சந்தையில் காய் விற்றார்கள். அப்பாவின் வலது தோளில் கைப்பிடி அளவுக்குக் காய்ப்பு இருந்தது, சாகும் வரைக்கும் போகவில்லை. கோதான் திறந்த பிறகு ஒரு நாள் அவரை அழைத்துப் போனேன். வங்கி, நகைக்கடை எதையும் அவர் பார்க்கவில்லை. தரையில் பதித்த கற்களையே பார்த்துக்கொண்டு நடந்தார். இங்கே நின்றோம், இங்கே வெற்றிலை போட்டோம் என்று இடம் காட்டினார். அந்த இடம் எதிலும் ஒரு பலகையாவது வைத்திருக்கலாம். நம் வீட்டுப் பெரியவர்களில் இந்த வேலை செய்தவர் யாராவது இருந்தால் இந்த வாரமே உட்கார்ந்து கேளுங்கள், பெயர்களை எழுதுங்கள்.

சேன் பியேர்: பிள்ளைகளை அழைத்துப் போகிறோம். எங்கே தொடங்கினால் இந்தக் கதை புரியும்?

காலையில் சீக்கிரம் போங்கள். ஆப்ரவாசி காட் விளக்க மையத்தில் தொடங்குங்கள். அங்கிருந்து தெற்கே கரையோரமாக நடந்தால் கோதான் வரும். ஓரிடத்தில் நின்று ஊரைத் திரும்பிப் பாருங்கள்: நடுவில் நெடுஞ்சாலை, அதற்கு அந்தப் பக்கம் பனை வரிசை, அரசு மாளிகை, வங்கிக் கோபுரங்கள். அந்த நெடுஞ்சாலை கூலி டிப்போவின் ஒரு பகுதி மேலேயே போகிறது, பிள்ளைகளுக்கு அதையும் சொல்லுங்கள். அப்புறம் தென்மேற்கே பாருங்கள். முனையத்தின் இரண்டு கொட்டகைகளும் தெரியும். வெயில் ஏறிவிட்டால் அந்தப் பக்கம் நிழல் இல்லை, தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள்.