முதிர்ந்த செம்பெருமீன்களின் காற்று: கேள்வி பதில்

சூரியனைப் போன்ற விண்மீன்கள் முதுமையில் செம்பெருமீன்களாக ஊதிப் பெருத்து, தம் பொருளைக் காற்றாக இழந்துகொண்டே வருகின்றன. அந்தக் காற்றையும், அது புறப்படும் வளிமண்டலத்தையும் கணினி மாதிரிகளில் கணிப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன்.

கேள்வி: சூரியனிலிருந்தும்தான் காற்று வீசுகிறது. இதில் என்ன வேறுபாடு?

சூரியக் காற்று நொடிக்குச் சுமார் 400 கி.மீ. வேகத்தில் பாய்ந்தாலும் அது சுமந்து செல்லும் பொருள் மிகச் சொற்பம். செம்பெருமீனின் காற்றோ நொடிக்கு 5 முதல் 20 கி.மீ. வரைதான் நகரும், ஆனால் ஆண்டுக்குச் சூரிய நிறையில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வெளியேறுவது அங்கே சாதாரணம். மூன்று ஆண்டுகளில் ஒரு பூமியே வெளியே போய்விடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மேற்பரப்பில் ஈர்ப்பு மிகக் குறைவு என்பதால் வாயு தானாகவே நழுவிவிடாதா?

நழுவாது. சூரியனின் நிறையைப் பூமியின் சுற்றுப்பாதை அளவுக்கு ஊதினால், அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு நம் பூமியில் உள்ளதைவிட ஏறத்தாழ 1,600 மடங்கு குறைந்துவிடும் என்பது உண்மைதான். ஆனாலும் அங்கிருந்து தப்ப நொடிக்கு 42 கி.மீ. வேகம் வேண்டும், 2,800 கெல்வின் வெப்பநிலையில் இருக்கும் வாயுவின் ஒலிவேகமோ (வாயுத் துகள்கள் தாமாக ஓடும் வேகத்துக்கு இது ஓர் அளவுகோல்) நொடிக்கு 5 கி.மீ. அளவுதான்.

கேள்வி: அப்படியானால் அதை வெளியே தள்ளுவது எது?

இரண்டு கட்டங்களாக இது நடக்கிறது. முதலில் துடிப்பு. மீரா விண்மீன் சுமார் 332 நாட்களுக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் எழும் அதிர்ச்சி அலை வாயுவை மேலே எறிகிறது. அடுத்து ஒளி. மேலே போன வாயு குளிர்ந்து, அதில் தூசித் துகள்கள் திரண்டால், விண்மீனின் ஒளி அவற்றைத் தள்ளுகிறது. துகள்கள் மோதி மோதி வாயுவையும் இழுத்துச் செல்கின்றன.

மாதிரியின் வெளியீட்டில் நான் முதலில் பார்ப்பது ஒரே ஒரு வரைபடத்தைத்தான்: காலம் கிடையாக, தூரம் செங்குத்தாக, ஒவ்வொரு வாயு அடுக்குக்கும் ஒரு கோடு. கீழே கோடுகள் எல்லாம் ஏறி இறங்கி அலைபோல நெளியும். விண்மீனின் ஆரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு உயரத்தில், தூசி பிறக்கும் இடத்தில், சில கோடுகள் திரும்பி விழாமல் நிமிர்ந்து மேலே போய்விடும். அந்த முறிவுதான் காற்றின் பிறப்பிடம். துடிப்பை நிறுத்திவிட்டு அதே விண்மீனைக் கணித்தால், அந்த உயரத்தில் வாயுவின் அடர்த்தி மேற்பரப்பில் உள்ளதில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். தூசி வளரப் பொருளே இராது.

கேள்வி: கரிம விண்மீன்களை விளக்குவது எளிது, ஆக்சிஜன் மிகுந்தவை கடினம் என்கிறார்களே, ஏன்?

கார்பனும் ஆக்சிஜனும் சேர்ந்து கார்பன் மோனாக்சைடாக இறுகப் பிணைந்துவிடும். எது மிஞ்சுகிறதோ அதுதான் தூசியின் தன்மையை முடிவு செய்யும். கார்பன் மிஞ்சினால் கரித்துகள் உருவாகும். அது ஒளியை நன்றாக உறிஞ்சும், வெப்பத்தையும் தாங்கும். ஆகவே சிக்கல் இல்லை. ஆக்சிஜன் மிஞ்சினால் பாறைத் தாது போன்ற சிலிக்கேட் உருவாகும். அதில் இரும்பு கலந்திருந்தால் ஒளியை உறிஞ்சிச் சூடாகி, விண்மீனுக்கு அருகில் ஆவியாகிவிடும்; இரும்பு இல்லாவிட்டால் அருகிலேயே நிலைக்கும், ஆனால் கண்ணாடிபோல ஒளியை விட்டுவிடுவதால் தள்ளுவிசை போதாது. 2006இல் வானியலாளர் பீட்டர் வாய்ட்கேயின் கணிப்பு இந்த முட்டுச்சந்தைத் தெளிவாகக் காட்டியது. 2008இல் சூசன்னே ஹோஃப்னர் ஒரு வழி சொன்னார்: துகள் மைக்ரோமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வளர்ந்துவிட்டால், ஒளியை உறிஞ்சாமல் சிதறடித்தே தேவையான உந்துதலைப் பெறும். 2012இல் இத்தகைய விண்மீன்களுக்கு மிக அருகிலேயே சுமார் 0.3 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகள்கள் கண்டறியப்பட்டன. என் பார்வையில் இத்துறையின் மிக அழகான தீர்வு இதுதான்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? ரைமர்ஸ் சூத்திரம் போதாதா?

1975ஆம் ஆண்டின் அந்தச் சூத்திரம் ஒளிர்வு, ஆரம், நிறை மூன்றையும் வைத்து இழப்பைத் தோராயமாகச் சொல்லும். ஏன் என்று சொல்லாது. துடிப்பு வலுக்கும் இறுதிக் கட்டத்தில் அது இழப்பைக் குறைத்தே காட்டுகிறது.

கேள்வி: விண்மீனைச் சீரான கோளமாகக் கொள்வது சரியா?

வசதிக்காகச் செய்வது அது; அதில் துடிப்பைக்கூட நாமே அடித்தளத்தில் ஓர் உந்துதண்டு போலச் செலுத்துகிறோம். முப்பரிமாண மாதிரிகளில் வெப்பச்சலனமும் துடிப்பும் தாமாகவே எழுகின்றன, தூசியும் திட்டுத்திட்டாகத் திரள்கிறது. 2023இல் அல்மா தொலைநோக்கி ஆர் டொராடஸ் விண்மீனின் மேற்பரப்பில், ஒவ்வொன்றும் சூரியனைப்போல் சுமார் 75 மடங்கு பெரிய வாயுக் குமிழிகள் எழுந்தமிழ்வதைப் படம்பிடித்தது.

கேள்வி: 2019 இறுதியில் திருவாதிரை மங்கியதும் இப்படித்தானா?

தூசிக்கு அதில் பங்கு உண்டு. விண்மீன் உமிழ்ந்த வாயு, அதன் தென்பகுதி குளிர்ந்தபோது தூசியாகி ஒளியை மறைத்தது என்பது 2021இல் வெளியான விளக்கம். ஆனால் திருவாதிரை மீஒளிர் பெருமீன், அதாவது சூரியனைவிடப் பல மடங்கு நிறை கொண்ட வேறு வகை விண்மீன். அதன் துடிப்பு மீராவினுடையதைவிட வலுக் குறைந்தது. ஆகவே மேலே சொன்ன இரண்டு கட்ட விளக்கத்தை அப்படியே அதற்குப் பொருத்தக் கூடாது. அத்தகைய விண்மீன்களில் காற்றைக் கிளப்புவது எது என்பது இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.