கிணற்று நீரும் அரிய மீன்களும்: கேள்வி பதில்

வந்த கேள்விகளுள் நன்னீர் மீன்களைப் பற்றியவற்றுக்கு மட்டுமே இங்கு பதில் எழுதுகிறேன். பவளப்பாறை மீன்களைப் பற்றிக் கேட்ட இருவரும் கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்களிடம் கேட்பதே நல்லது.

கேள்வி (கோண்டாவில்): ஐயா, கடையில் கத்திமீன் என்று கரிய மீன் ஒன்றைத் தந்தார்கள். வாலில் இரண்டு வெண்வளையங்கள் உள்ளன. பகல் முழுவதும் குழாய்க்குள் ஒருபக்கமாகச் சரிந்து கிடக்கிறது. நோயா?

பதில்: நோயன்று, சரிந்து கிடப்பது அதன் இயல்பு. வெண்வளையங்களைக் கொண்டு பார்த்தால், அது அமேசன் படுகையைச் சேர்ந்த பிளாக் கோஸ்ட் எனப்படும் மீன். உறுதி செய்ய விரும்பினால் முதுகைப் பாருங்கள். அங்கே துடுப்பு இராது. வயிற்றின் கீழே நீண்டு ஓடும் ஒற்றைத் துடுப்பை அலையலையாக அசைத்து, முன்னோக்கி நீந்தும் அதே இலகுவுடன் பின்னோக்கியும் நீந்தும். தன் உடலைச் சுற்றி மெல்லிய மின்புலம் ஒன்றை உண்டாக்கி, அதில் நேரும் மாற்றங்களைக் கொண்டு இருளில் வழியையும் இரையையும் அறிகிறது. ஆகவே விளக்கை அணைத்த பின்னரே உணவிடுங்கள். இரத்தப்புழுவை விரும்பி உண்ணும். இதே இனத்தில் இன்னொன்றைச் சிறிய தொட்டியில் சேர்த்தால் இரண்டும் ஓயாமல் சண்டையிடும்.

கத்திமீன் என்ற பெயரில் வேறொன்றும் விற்கப்படுகிறது. வெள்ளி நிற உடலில் கண் போன்ற கரும்புள்ளிகள் வரிசையாகவும், முதுகில் இறகு போன்ற சிறு துடுப்பும் இருந்தால் அது தென்கிழக்காசியாவின் சித்தாலா ஓர்னாட்டா. ஒரு மீற்றர் வரை வளரக்கூடிய அம்மீன் நம் நாட்டின் தென்மேற்கு நீர்நிலைகளில் விடப்பட்டு, அங்கே உள்ளூர் மீன்களைத் தின்று பெருகியுள்ளது. உங்களுடையது ஏறத்தாழ 50 சென்ரிமீற்றர் வரை வளரும். இன்றே பெரிய தொட்டிக்கு இடம் பாருங்கள். சுண்ணாம்பு குறைந்த மென்னீரில் வாழும் மீன் என்பதால், கோண்டாவில் கிணற்று நீரைத் தனியே ஊற்றாமல், சேமித்த மழைநீரைச் சரிபாதி கலந்து, சிறிது சிறிதாகப் பழக்குங்கள்.

கேள்வி (யாழ் நகர்): கிணற்று நீரில் டிஸ்கஸ் வளர்க்கலாமா?

பதில்: வேண்டாம். டிஸ்கஸ் மென்னீரில் வாழும் மீன். நமது நிலமோ சுண்ணக்கல். அதனூடாக ஊறி வரும் நீர் கடினமானது. அதே நீரில் மலாவி, தங்கனீக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்களும் மொலியும் செழித்து வளரும். நீரை முதலில் அளந்துவிட்டு அதற்கேற்ற மீனை வாங்குங்கள்.

கேள்வி (குருநகர்): பச்சைநிறப் பேத்தை மீன் குட்டி ஒன்று மற்ற மீன்களின் வாலைக் கடிக்கிறது.

பதில்: கடிக்கத்தான் செய்யும், தனித் தொட்டியில் வையுங்கள். நன்னீர் மீன் என்று விற்கப்பட்டாலும் அது வளர வளர உவர்நீரை நாடும். பற்கள் ஓயாது வளர்வதால் ஓட்டுடன் நத்தை கொடுங்கள்; ஓட்டைக் கடிக்காத பேத்தைக்குப் பல் நீண்டு வாய் திறக்க முடியாமற் போகும்.

கேள்வி (மானிப்பாய்): தொட்டியை முழுவதும் கழுவிப் புதுக் கிணற்று நீர் ஊற்றினேன். மூன்றாம் நாள் எல்லா மீன்களும் இறந்துவிட்டன.

பதில்: மீனின் கழிவிலிருந்து உண்டாகும் அமோனியாவை நைத்திரைற்றாகவும், அதைப் பின்னர் நைத்திரேற்றாகவும் மாற்றும் பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் கற்களிலும் குடியிருக்கின்றன. அவற்றைக் கழுவி வெளியேற்றிவிட்டதால் அமோனியா தேங்கிவிட்டது. நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். பெறுமானம் 7 ஆக உள்ள நீரில் அமோனியாவின் நச்சு வடிவம் நூற்றுக்கு ஒரு பங்கு கூட இராது. பெறுமானம் 8 ஆனால் அது 5 பங்கைத் தாண்டும். நமது கிணறுகள் பெரும்பாலும் காரத்தன்மை உள்ளவை. ஆகவே கொழும்பில் பிழைக்கும் மீன் அதே தவறால் இங்கு இறந்துபோகும். வாரத்துக்கு நான்கிலொரு பங்கு நீரை மட்டும் மாற்றுங்கள். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுங்கள். கிணற்றில் சில நாள்களுக்குள் பிளீச்சிங் பவுடர் இட்டிருந்தால் அந்த நீரை உடனே பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி (சாவகச்சேரி, இதையே கொடிகாமத்திலிருந்தும் ஒருவர் கேட்டுள்ளார்): முழு நீரையும் மாற்றினேன், மீன்கள் செத்தன.

பதில்: மேலேயுள்ள பதிலை ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். முழு நீரையும் மாற்றாதீர்கள்.

கேள்வி (வேலணை): நுளம்புக் குடம்பிகளை ஒழிக்கக் கிணற்றில் கப்பி மீன் விடலாமா?

பதில்: அதைவிட, தலையில் வெண்புள்ளி மின்னும் நம் ஊர்ச் சிறுமீனான அப்லோகைலஸ் பார்வஸை விடுங்கள். நீரின் மேற்பரப்பிலேயே உலவி, குடம்பி கண்ணில் பட்டதும் பாய்ந்து பிடிக்கும்.

எதிர்வினை (நல்லூர்): அண்ணை, சுகாதாரப் பகுதியினரே கப்பி விடுகிறார்கள். மலேரியா நுளம்பு வந்துள்ள வேளையில் எந்த மீன் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியுமா?

பதில்: உங்கள் கவலை நியாயமானது. நம் நாடு மலேரியா அற்றது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்த 2016ஆம் ஆண்டிலேயே, கிணற்றிலும் பெருகும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. கட்டுக் கிணற்றிலும் மூடிய சீமெந்துத் தொட்டியிலும் கப்பி இருப்பதை நான் எதிர்க்கவில்லை. தீவகத்தில் நிலைமை வேறு. மாரியில் வயலும் கேணியும் குளமும் ஒன்றாகும்போது, கட்டில்லாத பூவலில் (மண்ணில் தோண்டிய ஆழமற்ற கிணற்றில்) விட்ட மீன் அங்கேயே நிற்காது. தென் அமெரிக்க மீனான கப்பியின் பெண், சேர்க்கைக்குப் பின் விந்தைப் பல மாதங்கள் தன்னுள் தாங்கி, ஏறத்தாழ நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். ஒரே ஒரு சினை மீன் ஒரு குளத்தை நிரப்பிவிடும்.

எதிர்வினை (நல்லூர்): நீங்கள் சொல்லும் மீன் கடையில் இல்லையே?

பதில்: கடையில் தேடாதீர்கள். உங்கள் ஊர்க் குளத்தின் புல் விளிம்பில் காலை வெயில் விழும்போது குனிந்து பாருங்கள். வெண்புள்ளிகள் அசைவது தெரியும். சிறிய வலையால் சிலவற்றை மட்டும் பிடித்து, அதே ஊர்க் கிணற்றில் விடுங்கள். கப்பி விட விரும்புவோர் குளத்தோடு சேராத கிணறுதானா என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி (பருத்தித்துறை): தொட்டி கழுவும் மீன் ஓரடியைத் தாண்டிவிட்டது. குளத்தில் விட்டுவிடவா?

பதில்: விடவே வேண்டாம். கரையைக் குடைந்து முட்டையிடும் அம்மீன் நம் நாட்டு நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவிவிட்டது. வாங்கிய கடையில் திருப்பிக் கொடுங்கள். அவர்கள் ஏற்காவிட்டால் எனக்கு எழுதுங்கள், பெரிய சீமெந்துத் தொட்டி வைத்திருக்கும் ஒருவரிடம் சேர்ப்பிக்க ஒழுங்கு செய்கிறேன்.