பெரிய நாடு சொல்வதைக் கேட்பதைத் தவிர சின்ன நாட்டுக்கு வேறு வழி உண்டா?

"சிங்கப்பூர் மாதிரி நாடுகளுக்குச் சொந்தமாக ஒரு நிலைப்பாடு இருக்க முடியுமா, பெரியவன் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். கல்லூரியில் அரசியல் படிப்பவர் போலத் தெரிகிறது. பேச்சுப் போட்டிக்காகவும் இருக்கலாம். சாதாரணமாக இப்படிப்பட்ட கேள்விகளைப் பார்த்தால் கடந்து போய்விடுவேன். ஆனால் 2014இல் மன்னார்குடியில் ஒரு கல்யாணப் பந்தியில் என் மாமா மகன் இதையேதான் சொன்னான். "உங்க ஊரு மேப்புல ஒரு புள்ளி அத்தான். அமெரிக்காக்காரன் இருமினா நீங்க எழுந்து நிப்பீங்க." பக்கத்து இலைக்காரர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நான் ஒன்றும் பேசாமல் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

முதலில் ஒன்று. நான் வெளியுறவுத் துறை ஆள் இல்லை, சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். சிங்கப்பூர் செய்வதெல்லாம் சரி என்று வாதாட வரவில்லை. உள்ளூர் அரசியலைப் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் தனிக் கேள்வி போடுங்கள். மலேசியாவை மட்டம் தட்டவும் இதை எழுதவில்லை, என் அக்கா வாழ்க்கைப்பட்டதே மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில்தான்.

என் அப்பா ராஜுலா கப்பலில் வந்து இறங்கியவர். 1961 முதல் 1979 வரை ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கத்தில் வேலை பார்த்தார். சிங்கப்பூருக்குக் கிழக்கே சுமார் 24 கடல் மைல் தள்ளி, பெட்ரா பிராங்கா என்ற பாறைமேல் 1851இல் கட்டி முடித்த விளக்கு அது. போர்த்துகீசிய மொழியில் அந்தப் பெயருக்கு வெள்ளைப் பாறை என்று அர்த்தம், பறவை எச்சத்தால் வந்த வெள்ளை. அப்பா அந்தப் பெயரையெல்லாம் சொல்லமாட்டார். "நாளைக்குப் பாறைக்குப் போறேன்" என்பார், அவ்வளவுதான். பாறையில் அவருடைய வேலை கண்ணாடி துடைப்பது, வானிலை குறிப்பது, காலையில் கொடி ஏற்றிச் சாயங்காலம் இறக்குவது. உப்புக் காற்றில் கொடியின் ஓரம் சீக்கிரம் நைந்துவிடுமாம். புதுக் கொடி கேட்டு எழுத வேண்டும், வந்ததும் பதிவேட்டில் குறிக்க வேண்டும். சின்ன வயதில் இதைக் கேட்கும்போது எனக்கு அலுப்பாக இருக்கும். ஆளில்லாத கடலில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "பாக்குறவன் பாப்பான்" என்றார்.

1979 டிசம்பரில் மலேசியா ஒரு வரைபடம் வெளியிட்டது. அதில் அந்தப் பாறை மலேசியக் கடலுக்குள் இருந்தது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் எழுத்துபூர்வமாக மறுப்புத் தெரிவித்தது. கப்பல் படையை அனுப்பிப் பெரிதாக்கவில்லை, சும்மாவும் விடவில்லை. பல வருடம் பேசிப் பார்த்துவிட்டு, நீதிமன்றத்துக்கே போகலாம் என்று 2003இல் இரண்டு நாடுகளும் கையெழுத்துப் போட்டன. 2007 நவம்பரில் ஹேக் நகரில் சர்வதேச நீதிமன்றத்தில் வாதம் நடந்தது. சிங்கப்பூருக்காகப் பேசியவர்களில் பேராசிரியர் ஜெயக்குமாரும் ஒருவர், அப்போது துணைப் பிரதமர். நம் ஆள் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கம் இல்லை. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினமும் யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர்தானே.

2008 மே 23ஆம் தேதி தீர்ப்பு வந்தது. 12க்கு 4 என்ற கணக்கில் பாறை சிங்கப்பூருக்கு என்றார்கள். அப்பாவுக்கு அப்போது 79 வயது, காது மந்தம். செய்தியில் பார்த்தது போதவில்லை, "என்ன எழுதியிருக்கான்னு படிச்சுச் சொல்லு" என்றார். தீர்ப்பு முழுவதும் இணையத்தில் கிடைத்தது. சில பக்கங்களை அச்செடுத்து, ஞாயிற்றுக்கிழமை பூராவும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் எனக்கே விஷயம் புரிந்தது. பாறை ஆரம்பத்தில் ஜொகூர் சுல்தானுடையது என்பதை நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது! அந்த இடத்தில் சிங்கப்பூர் தோற்றுவிட்டது. அப்புறம் எப்படி ஜெயித்தது? 1953இல் சிங்கப்பூரிலிருந்த காலனி நிர்வாகம் ஜொகூருக்கு ஒரு கடிதம் எழுதி, இந்தப் பாறையின் நிலை என்ன என்று கேட்டிருக்கிறது. பாறைக்கு ஜொகூர் அரசு உரிமை கோரவில்லை என்று அங்கிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதத்தை யாரோ கோப்பில் வைத்து, கரையான் அரிக்காமல் ஐம்பது வருடத்துக்கு மேல் காப்பாற்றியிருக்கிறார்கள்.

கடிதம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அப்பா பாறையில் சம்பாதித்த பணத்தை ஊரில் ஒரு நெருங்கிய உறவினருக்கு மாதாமாதம் மணியார்டரில் அனுப்பினார், எங்கள் பெயரில் மனை வாங்கச் சொல்லி. மனை வாங்கினார்கள், அவர்கள் பெயரில். அப்பாவிடம் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. சொந்தத்துக்குள் ரசீது கேட்பது அசிங்கம் என்று நினைத்த தலைமுறை. இன்று அந்த மனையில் மாடி வீடு நிற்கிறது. நான் ஊருக்குப் போனால் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார வைத்துக் காபி கொடுப்பார்கள், குடித்துவிட்டு வருவேன். பதினெட்டு வருடம் கொடிக்குக் கணக்கு எழுதிய மனிதருக்குத் தன் மனைக்கு ஒரு காகிதம் இல்லாமல் போனது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. சரி, விடுங்கள்.

அந்தக் கடிதத்தோடு நீதிமன்றம் வேறு பலவற்றையும் கணக்கில் எடுத்தது. பாறைப் பக்கம் கப்பல் விபத்து நடந்தால் சிங்கப்பூர் விசாரித்திருக்கிறது. மலேசிய அதிகாரிகள் அங்கே வரச் சிங்கப்பூரிடம் அனுமதி வாங்கியிருக்கிறார்கள். மலேசியாவே முன்பு அச்சிட்ட வரைபடங்களில் அந்த விளக்கின் கீழே சிங்கப்பூர் என்று போட்டிருக்கிறது. அப்புறம் கொடி. 1968இல் மலேசியா, தன் தீவான புலாவ் பீசாங்கில் சிங்கப்பூர் பராமரிக்கும் விளக்கில் பறந்த கொடியை இறக்கச் சொன்னது. சிங்கப்பூரும் இறக்கிவிட்டது. ஆனால் பெட்ரா பிராங்காவில் பறந்த கொடியைப் பற்றி மலேசியா வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் தீர்ப்பில் சிங்கப்பூர்ப் பக்கம் சேர்ந்தது.

இதைச் சொன்னதும் அப்பா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "கொடின்னு போட்டிருக்கா? எங்க?" என்றார். வரியைக் காட்டினேன். அவருக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரலை அந்த வரிமேல் வைத்து, உதடு அசைய அசையப் படித்தார். பாறையிலிருந்து தெற்கே தெரியும் மிடில் ராக்ஸ் என்ற பாறைக் கூட்டம் மலேசியாவுக்குப் போய்விட்டது என்று நான் சொன்னது அவர் காதில் விழவே இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சின்ன நாட்டுக்குக் கையில் இருப்பது இரண்டுதான். ஒன்று, எழுத்து: எதையும் பதிவில் வைப்பது, மறுக்க வேண்டிய நேரத்தில் எழுதி மறுப்பது. இன்னொன்று, எல்லாரிடமும் ஒரே பேச்சு. 1978 டிசம்பரில் வியட்நாம் கம்போடியாவுக்குள் புகுந்தது. அதன்பிறகு, ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழையக் கூடாது என்று ஐ.நா.வில் வருடா வருடம் சிங்கப்பூர் பேசியது. 1983இல் அமெரிக்கா கிரெனடா என்ற குட்டித் தீவுக்குள் புகுந்தது. அமெரிக்கா நெருங்கிய நண்பன். இருந்தும் அதைக் கண்டித்த ஐ.நா. தீர்மானத்துக்கு ஆதரவாகவே சிங்கப்பூர் வாக்களித்தது. நண்பனுக்காக அன்று வாயை மூடியிருந்தால், நாளைக்கு நமக்கு ஒன்று நடக்கும்போது என்ன சொல்லிக் கேட்பது? இருமினால் எழுந்து நிற்போம் என்ற மாமா மகனுக்கு இதுதான் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்.

பணக்கார நாடு, வக்கீல் வைக்கக் காசு இருக்கிறது, அதனால் முடிகிறது என்று யாராவது கீழே எழுதுவீர்கள். 1968ஐப் பாருங்கள். சுதந்திரம் வந்து மூன்றே வருடம், பிரிட்டிஷ் படை கிளம்பப் போவதாக அறிவித்துவிட்டது. 1965இல் சிங்கப்பூரில் மெக்டொனால்ட் ஹவுஸ் கட்டடத்தில் குண்டு வைத்து மூன்று பேரைக் கொன்ற இரண்டு இந்தோனேசியக் கடற்படை வீரர்களுக்குத் தூக்குத் தண்டனை உறுதியாகியிருந்தது. அதிபர் சுகார்த்தோவே கருணை கேட்டார். இருபது லட்சம் பேர் உள்ள நாடு, பத்துக் கோடிக்கு மேல் உள்ள நாட்டின் அதிபருக்கு முடியாது என்றது. ஜகார்த்தாவில் சிங்கப்பூர்த் தூதரகத்தை அடித்து நொறுக்கினார்கள். தூக்குத் தண்டனை வேண்டுமா என்பது வேறு விவாதம், எனக்கே அதில் உடன்பாடு இல்லை. ஆனால் நீதிமன்றம் சொன்னதை வெளிநாட்டு நெருக்கடிக்காக மாற்றவில்லை. பிறகு 1973இல் பிரதமர் லீ குவான் யூ ஜகார்த்தா போய் அந்த இருவரின் கல்லறையில் பூத் தூவினார். முடியாது என்றதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை, அவர்கள் ஊர் வழக்கப்படி மரியாதை செய்தார். அதன்பிறகுதான் உறவு சீரானது.

தனியாக நின்றால் எடுபடாது என்று 1992இல் 16 சின்ன நாடுகளை ஐ.நா.வில் ஒன்றாகக் கூட்டியதும் சிங்கப்பூர்தான். இன்று அந்தக் கூட்டத்தில் நூறு நாடுகளுக்கு மேல் இருக்கின்றன.

பாறை விவகாரம் அதோடு முடியவில்லை. 2017இல் மலேசியா பிரிட்டிஷ் ஆவணக் காப்பகத்தில் புதிதாகக் கிடைத்த காகிதங்களை வைத்து, தீர்ப்பை மறுபரிசீலனை செய்யச் சொல்லி மனுப் போட்டது, அடுத்து விளக்கம் கேட்டும் ஒன்று. அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை, அவர்களும் காகிதத்தோடுதான் வந்தார்கள். 2018 மே மாதம் இரண்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அப்பா 2011லேயே போய்விட்டார். அந்த அச்செடுத்த பக்கங்கள் அவருடைய பழைய பாஸ்போர்ட்டோடு என் அலமாரியில் இருக்கின்றன. கொடி பற்றிய வரியின் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். மாமா மகன் சிங்கப்பூர் வந்தால் எடுத்துக் காட்டுவேன்.