கடல் பக்கம் திருப்பிய ஆன்டெனா

போன இதழில் எங்கள் வீட்டுப் பழைய சாலிடேர் டிவியைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள்தான் அதிகம். எனவே இந்த முறை எல்லாக் கேள்விகளும் டிவி பற்றியே.

கே: தூத்துக்குடிப் பக்கம் முதலில் தெரிந்தது இலங்கை டிவிதான் என்கிறார்களே, உண்மையா டீச்சர்? (வாசகர், சேலம்)

ப: உண்மைதான். சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் எங்கள் ஊர் வரை அது எட்டவில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் வந்தது. அந்தத் தீவிலேயே உயரமான பேதுருதாலகால மலையில் அதன் ஒளிபரப்புக் கோபுரம். அவ்வளவு உயரத்திலிருந்து வந்ததால் கடலைத் தாண்டி எங்கள் கரையிலும் படம் தெரிந்தது.

தெரு முழுக்க மொட்டைமாடியில் இரும்புக் குழாயை ஒன்றோடொன்று இணைத்து, பூஸ்டர் வைத்து, ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பியிருப்போம். உப்புக் காற்றில் இணைப்புக் கம்பி சீக்கிரம் அரித்துவிடும். அதைச் சுரண்டிச் சுத்தம் செய்வது என் தம்பியின் வேலை. மேகம் போட்டால் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும். சிங்களம் ஒரு சொல் புரியாவிட்டாலும் உட்கார்ந்திருப்போம். அப்புறம் தமிழ்ச் செய்தி வரும். அந்த உச்சரிப்பு எங்களுக்குப் புதிதில்லை. இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த காது எங்களுடையது. கே.எஸ்.ராஜாவும் பி.எச்.அப்துல் ஹமீதும் பேசிய தமிழைத்தான் நல்ல தமிழ் என்று எங்கள் அம்மா சொல்வார். நான் தமிழாசிரியை ஆனதில் அந்த இருவருக்கும் பங்கு உண்டு.

பல வருடம் கழித்து சன் டிவியில் அதே அப்துல் ஹமீது ‘பாட்டுக்குப் பாட்டு’ நடத்த வந்தபோது, குரலை மட்டும் அடுக்களையிலிருந்து கேட்டுவிட்டு அம்மா ஓடிவந்தார். போட்டியாளர் தடுமாறினாலும் அவர் சொல் சிதையாமல் பேசி, அடுத்த எழுத்தைக் கொடுக்கும் அழகுக்காகவே அதைப் பார்த்தேன்.

கே: தூர்தர்ஷன் காலத்தில் நீங்கள் விடாமல் பார்த்தது ‘ஒளியும் ஒலியும்’தானே? (வாசகி, திண்டுக்கல்)

ப: பார்த்தேன், வெள்ளிக்கிழமை அந்தச் சினிமாப் பாட்டு நிகழ்ச்சியைப் பார்க்காத வீடு ஏது? ஆனால் நான் விடாமல் பார்த்தது செய்தி.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் பல ஊர்களுக்கு வந்த குறைந்த சக்தி ஒளிபரப்பு நிலையங்கள் டெல்லி நிகழ்ச்சியைத்தான் அஞ்சல் செய்தன. பெட்டி வந்தது, தமிழ் வரவில்லை. 1987இல் ராமானந்த் சாகரின் ராமாயணத்தை என் மாமியார் ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து பார்ப்பார். இந்தி தெரியாது, கதை மனப்பாடம். அடுத்து யார் வருவார், என்ன சொல்வார் என்று எங்களுக்கு அவரே சொல்லிக்கொண்டு போவார். கொடைக்கானல் கோபுரம் வந்த பிறகுதான் சென்னையின் தமிழ் நிகழ்ச்சிகள் எங்கள் வீட்டுக்கு வந்தன. கடலைப் பார்த்துக்கொண்டிருந்த ஆன்டெனாக்கள் வடமேற்கே திரும்பின.

ஷோபனா ரவி வாசிக்கும் செய்திக்காக அரை மணி நேரம் முன்பே சமையலை முடித்துவிடுவேன். ழகரமும் ளகரமும் தனித்தனியாகக் காதில் விழும். எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்துவார். பள்ளியில் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் செய்தி வாசிக்கும் பெண்களிடம், “நேற்று ராத்திரி டிவி கேட்டியா? அப்படி வாசி” என்பேன். நன்றாகவே வாசித்தார்கள்.

‘எதிரொலி’யும் பிடிக்கும். நேயர் கடிதத்தைப் படித்து நிலையமே பதில் சொல்லும் நிகழ்ச்சி. திட்டி எழுதிய கடிதத்தையும் படிப்பார்கள். என் மாமாவுக்கு, அதாவது மாமனாருக்கு, ‘வயலும் வாழ்வும்’. ஏரல் பக்கம் வாழை போட்டவர். விதை நேர்த்தி, ஊடுபயிர் என்று அதில் சொல்வதைக் கேட்டு, சரி என்றால் தலையாட்டுவார். தப்பு என்று பட்டால் பெட்டியிடமே வாதாடுவார்.

கே: ‘ஜூனூன்’ தமிழைக் கேட்டுத் தமிழாசிரியைக்குக் கோபம் வந்ததா? (வாசகர், தஞ்சாவூர்)

ப: வரவில்லை. இந்தியில் எடுத்துத் தமிழில் டப்பிங் செய்து போட்ட தொடர் அது. இந்தி நடிகரின் வாயசைவுக்குப் பொருத்த வேண்டிய கட்டாயத்தில் வினைச்சொல்லை முன்னால் போட்டுவிடுவார்கள். “நான் வருவேன் நாளைக்கு உன்னைப் பார்க்க” என்கிற மாதிரி. பிள்ளைகள் வகுப்பில் அப்படியே பேசிக்காட்டுவார்கள். எழுவாய், செயப்படுபொருள், பயனிலை நடத்தும்போது அவர்களையே அப்படி ஒரு வாக்கியம் சொல்லச் சொல்லி, பிறகு நேராக்கச் சொல்வேன். இலக்கண வகுப்பில் கடைசி பெஞ்சும் கை தூக்கியது அந்த வருடம்தான்.

கே: உங்கள் வாழ்நாளில் பார்த்த சீரியலில் ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால்? (வாசகி, கோயம்புத்தூர்)

ப: ‘மர்மதேசம்’. அதிலும் ‘விடாது கருப்பு’.

இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. தொண்ணூறுகளில் வாரம் ஒருமுறை சன் டிவியில் வந்தது. ஊரில் தப்புச் செய்தவனைக் கருப்பு தண்டிக்கிறது. அது தெய்வமா, மனிதனா என்பதுதான் கேள்வி. அதற்குக் கடைசியில் மனத்தின் வழியாக ஒரு பதில் கிடைத்தாலும், கருப்பு மேல் பார்ப்பவருக்கு இருக்கும் பயபக்தியைக் கதை கேலி செய்யவே இல்லை. எங்கள் பக்கம் ஊர் எல்லையில் சுடலை நிற்பார், அரிவாளோடு. அந்த வழியாக ராத்திரி நடந்து வந்தவர்களுக்குத்தான் அந்தக் கதையின் கனம் தெரியும்.

என்னைப் பிடித்து வைத்தது பேச்சு. மதுரைப் பக்கத்துத் தமிழை அதில் பேசவிட்டார்கள். பாட்டி பேசுவது பாட்டி மாதிரியும், பட்டணத்திலிருந்து வந்த பெண் பேசுவது பட்டணத்துப் பெண் மாதிரியும் இருக்கும். சேத்தன், தேவதர்ஷினி எல்லோரும் சின்ன வயது, ஆனால் ஒருவரும் கத்திப் பேசவில்லை. இன்னொன்று, எழுதியவருக்கு முடிவு தெரியும். முதல் வாரம் வந்த ஒரு சின்னப் பேச்சுக்குக் கடைசியில் கணக்கு நேராகும். 2024 நவம்பரில் இந்திரா சௌந்தர்ராஜன் மறைந்த செய்தி வந்த அன்று, யூடியூபில் கவிதாலயா போட்டிருக்கும் அதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இப்போதும் இழுக்கிறது.

கே: படித்தவர்கள் சீரியல் பார்ப்பது நேர விரயம் இல்லையா? (வாசகர், சென்னை)

ப: இல்லை. 1999 கடைசியில் ‘சித்தி’ வந்தபோது எங்கள் தெருவில் ஒன்பதரை மணிக்கு ஒரு வீட்டுக் கதவும் திறந்திருக்காது. பகலெல்லாம் உப்பளத்தில் நின்ற பெண்கள் அந்த அரை மணி நேரம் உட்கார்ந்தார்கள். யாரும் தண்ணீர் கேட்கக் கூடாது, சோறு கேட்கக் கூடாது. அதை விரயம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

‘மெட்டி ஒலி’யைப் பாருங்கள். ஐந்து பெண்களைப் பெற்ற ஒரு அப்பா, டெல்லி குமார் நடித்தது. திருமுருகன் இயக்கினார். நித்யஸ்ரீ மகாதேவன் குரலில் முகப்புப் பாட்டு தொடங்கினாலே எங்கள் வீட்டில் பேச்சு நின்றுவிடும். அம்மாவின் பேச்சை மீறத் தெரியாத மாணிக்கத்தைச் சேத்தன் செய்தார். அந்தப் பாத்திரத்தைப் பற்றிப் பேசும்போது எங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு டீச்சர் சொன்னார்: “எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உட்காந்து பாக்கார். ஒண்ணும் சொல்லல. மறுநாள் அவரே அத்தைகிட்ட எனக்காகப் பேசினார்.” இதை நான் சொல்லி வாங்கியிருக்க முடியாது.

கே: இப்போது என்ன பார்க்கிறீர்கள்? (வாசகி, மதுரை)

ப: ‘எதிர்நீச்சல்’ பார்த்தேன், திருச்செல்வம் இயக்கியது. ஆதி குணசேகரனாக வந்த மாரிமுத்து தேனி மாவட்டத்துக்காரர். அந்த மண்ணின் பேச்சு அவர் வாயில் தானாக வந்தது. “இந்தாம்மா ஏய்” என்று அவர் கூப்பிட்டால், அப்படிக் கூப்பிடும் பெரிய மனிதர்கள் நாலைந்து பேர் எனக்கு ஞாபகம் வருவார்கள். 2023 செப்டம்பரில் அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தபோது நெஞ்சு வலி வந்து இறந்துபோனார். அதற்குப் பிறகு அந்தத் தொடரில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

மற்ற பலவற்றில் எந்த ஊர்க் கதையானாலும் எல்லோரும் ஒரே தமிழ் பேசுகிறார்கள். தென்காசி என்று எழுத்துப் போட்டுவிட்டுச் சென்னைத் தமிழ் பேசினால் எப்படி? ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல, சுற்றி நிற்பவர் அத்தனை பேர் முகத்தையும் தனித்தனியாக இசையோடு காட்டுவதை நிறுத்தினாலே வசனத்துக்கு இடம் கிடைக்கும். எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வட்டாரப் பேச்சில் எழுத அனுமதி கொடுங்கள் என்று சேனல்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கே: வெளிநாட்டில் வளரும் என் பேரன் காதுக்கு நல்ல தமிழ் விழ வேண்டும். எதைப் பார்க்கச் சொல்லலாம்? (வாசகர், திருநெல்வேலி)

ப: ஐயா, சாலமன் பாப்பையா பட்டிமன்றத்தில் ஆரம்பியுங்கள். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், மேடையில் மதுரைத் தமிழை விடாதவர். பொங்கல், தீபாவளிப் பட்டிமன்றங்கள் யூடியூபில் நிறைய இருக்கின்றன. முதலில் பேரனைத் தனியாகப் பார்க்க விடாதீர்கள். வீடியோ காலில் நீங்களும் அதையே ஓடவிட்டு, அவன் சிரிக்காத இடத்தில் நிறுத்தி விளக்குங்கள். பத்து நிமிடம் போதும். அவனாகவே அடுத்ததைப் போடச் சொல்லும்போது ‘விடாது கருப்பு’க்குப் போகலாம், பன்னிரண்டு வயது ஆகியிருந்தால்.